கார்வி பூத்த ஆண்டுகள்

குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளியில் படித்தபோது, அது தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தரும் செய்தியாகவே எங்களுக்கு இருந்தது. ஒரு நிலத்துக்கு அங்கே பூக்கும் பூவின் பெயரையே வைத்த முன்னோரின் உள்ளம் அந்நாளில் விளங்கவில்லை. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்து, ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் குடித்தனம் நடத்தி, அங்கே ஒரு பெண் மகவையும் பெற்ற பிறகுதான், மண்ணை மிதிக்காமல் வளரும் பிள்ளை எதை இழக்கிறது என்ற கேள்வி எங்களை வருத்தத் தொடங்கியது. அதற்கு விடை தேடிக் கைக்குழந்தையோடு காட்டுக்குள் நடக்கப் போனோம். போன முதல் ஆண்டிலேயே பெரிய தவறு ஒன்று செய்தோம். அந்தத் தவற்றையும், அது கற்பித்த பாடத்தையும், அதன் பின் எட்டு ஆண்டுகள் தொடர்ந்த நடையையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அடுக்கு மாடிகளில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பத்தார் சிலருக்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

மும்பை என்றவுடன் கடலையும் மின்சார ரயிலையும் நினைப்பவரே மிகுதி. நகரின் வடக்கே, போரிவலி நிலையத்தின் கிழக்குப் புறம் இறங்கிச் சிறிது தொலைவு சென்றால் ஒரு காடு தொடங்குகிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று அதற்குப் பெயர். பூங்கா என்ற சொல்லைக் கேட்டு ஊஞ்சலும் பூந்தொட்டியும் உள்ள இடம் என்று எண்ணிவிடலாகாது. 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில், குன்றும் பள்ளமும் ஓடையுமாக விரிந்து கிடக்கும் உண்மையான காடு அது. 1860-ஆம் ஆண்டு கட்டி முடித்த விஹார் ஏரியும், 1879-ஆம் ஆண்டு கட்டி முடித்த துளசி ஏரியும் அக்காட்டுக்குள் இருக்கின்றன. நகரத்தார் குடிக்கும் நீரில் ஒரு சிறு பங்கு இன்றும் அங்கிருந்து வருகிறது. 2015-ஆம் ஆண்டில் தானியங்கிக் காமிராக்களை மரங்களில் கட்டி எடுத்த கணக்கில் 35 சிறுத்தைகள் பதிவாயின. இத்தனை பெரிய நகரத்தின் மடியில் இப்படி ஒரு காடு இருப்பது வியப்பு. இங்கே நெடுங்காலம் வாழ்ந்தும் நம்மவருள் பலர் அதனுள் கால் வைத்ததில்லை என்பது அதனினும் வியப்பு.

காட்டின் நடுவே கன்ஹேரிக் குன்று நிற்கிறது. கரும்பாறையைக் குடைந்து பௌத்தத் துறவியர் அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அங்குண்டு. கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பு தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் துறவியர் அங்கே தங்கியிருந்தனர். கிருஷ்ணகிரி, அதாவது கரிய மலை, என்ற பெயரே கன்ஹேரி என்று திரிந்தது. நம் நாட்டிலும் ஒரு கிருஷ்ணகிரி இருப்பதை எண்ணி, அந்தப் பெயரளவிலேயே அக்குன்று எங்களுக்குச் சற்று உறவாகத் தோன்றியது.

உறவு அதனோடு முடியவில்லை. அக்குன்றுச் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளரும் புதர் ஒன்றை மராத்தியர் 'கார்வி' என்கின்றனர். நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூணாற்றிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக் குறிஞ்சியின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு அது. இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. கார்விக்குத் தவணை எட்டு ஆண்டு. ஏழாண்டுகள் வெறும் இலையும் தண்டுமாக நின்று, எட்டாம் ஆண்டின் மழை ஓய்கின்ற பருவத்தில் மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே ஊதா நிறமாகப் பூத்துவிட்டு, விதை முற்றியதும் பட்டுப்போகும். மறு மழையில் விதைகள் வெடித்துச் சிதறி முளைக்கும். 2008-ஆம் ஆண்டு பூத்த கார்வி 2016-ஆம் ஆண்டு மீண்டும் பூத்தது. அப்போது எங்கள் மகளுக்குப் பத்து மாதம்.

இந்தச் செய்தியை நாளிதழில் படித்த நாள் முதல் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறிஞ்சி பூக்கும் நிலத்தைப் பார்க்காமலே அதைப் பாடமாகப் படித்தவர்கள் நாங்கள். குறிஞ்சியின் உறவுப் பூவாவது எங்கள் பிள்ளையின் கண்ணில் படட்டும் என்று முடிவு செய்தோம். பத்து மாதக் குழந்தைக்குப் பூவும் ஒன்றுதான், கிலுகிலுப்பையும் ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. குழந்தையின் பெயரைச் சொல்லி எங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் புறப்பட்டோம் என்பதே மெய்.

அப்போது எங்களுடன் வந்து தங்கியிருந்த ஆச்சி இதை முதல் நாளே கண்டுகொண்டார். "பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு யாராவது காட்டுக்குப் போவாவளா?" என்று கேட்டார். நாங்கள் விடவில்லை. எங்கள் சொந்த மாவட்டமான திருநெல்வேலியில், பொதிகை மலைக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். எங்களுள் ஒருவரைப் பிறந்து ஓராண்டு நிறைவதற்கு முன்பே அங்கே இடுப்பில் வைத்துத் தூக்கிச் சென்றவர் அதே ஆச்சிதான். அதை நினைவூட்டினோம். "அது சாமிக்காகப் போனது. நீங்க பூப் பாக்கல்லா போறிய!" என்று ஒரே சொல்லில் எங்கள் வாதத்தை முடித்துவிட்டார். ஆனாலும் காலையில் புறப்படும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறிய பனையோலை விசிறியைப் பையின் ஓரத்தில் செருகிவைத்தார். "புழுங்குச்சுன்னா வீசுங்க" என்றார். எடை கூடுகிறதே என்று நாங்கள் முணுமுணுத்தோம்.

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, மூட்டை கட்டி, தாதரில் வண்டி மாறிப் போரிவலி சேர்வதற்கே ஒன்பதரை ஆகிவிட்டது. வாயிலிலிருந்து குகைகள் வரை ஆறேழு கிலோமீட்டர். பேருந்துக்கு நீண்ட வரிசை. அந்த வரிசையில் நின்றே கொண்டுபோன நீரில் ஒரு புட்டியை நாங்கள் இருவரும் குடித்துத் தீர்த்தோம். குன்றின் அடிவாரத்தில் நாங்கள் நின்றபோது மணி பதினொன்று. மழை ஓய்ந்த மும்பையின் வெயிலை அறிந்தவர்க்கு அதன் கொடுமை தெரியும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழியுமே தவிர உலராது, உடலும் குளிராது. அந்த வேளையில் எவரும் குன்றேறத் தொடங்கலாகாது. நாங்கள் தொடங்கினோம்.

குழந்தையை முதுகில் சுமப்பதற்கென்றே விற்கும் தோள்பை ஒன்று வாங்கியிருந்தோம். நிழலுக்கு மேலே சிறு கூரையும் அதில் உண்டு. மகள் அதில் அமர்ந்து முதற் கால்மணி நேரம் ஏதேதோ மழலை பேசினாள், சுமந்தவரின் தலைமயிரைப் பற்றி இழுத்தாள், குரங்கைக் கண்டு கூவினாள். பிறகு அடங்கினாள். "தூங்கிவிட்டாள், நல்லதாயிற்று" என்று மகிழ்ந்து நடையை விரைவாக்கினோம். எதிரே இறங்கி வந்த இளைஞர்களிடம் பூ எங்கே என்று கேட்டோம். "இன்னும் பத்து நிமிடம்" என்றார்கள். பத்து நிமிடம் கழித்து வந்த மற்றொரு கூட்டமும் அதையே சொன்னது. மலைப்பாதையில் எதிர்ப்படுவோர் எல்லாரும் எக்காலத்தும் சொல்லும் விடை அது ஒன்றே என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டோம்.

அங்கே ஒரு மரத்தடியில், வெள்ளரியும் கொய்யாவும் நிறைந்த கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். காட்டுக்குள்ளேயே உள்ள பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். நாங்கள் அவரைக் கடந்து நான்கு அடி சென்றதும் பின்னாலிருந்து உரத்துக் கூப்பிட்டார். காய் வாங்கச் சொல்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று கையசைத்தோம். அவர் எழுந்து வந்து தோள்பையைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் முன்னே பார்த்து நடந்தோம். அவர் பின்னாலிருந்து எங்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

குழந்தையின் முகம் சிவந்து கன்றிக் கிடந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் தம் உள்ளங்கையைக் குழந்தையின் உச்சியில் வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பது போலவே இருந்தது அது. "ஊன் லாகலம்" என்றார். மராத்தியில் 'ஊன்' என்றால் வெயில். வெயில் தாக்கிவிட்டது என்று பொருள். நாங்களும் தொட்டோம். இமைகளைத் திறந்து எங்களைப் பார்த்த குழந்தை அழவில்லை. அழாதது எங்களை நடுங்க வைத்தது. உதடு வறண்டிருந்தது. காலையில் புறப்படும்போது கட்டிவிட்ட இடுப்புத் துணி அப்படியே ஈரமின்றி உலர்ந்திருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேலாக ஒரு சொட்டும் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நிலையிலும் எங்களுள் ஒருவர், "பூ இன்னும் பத்து நிமிடத் தொலைவில்தானே? ஒருவர் இங்கே குழந்தையோடு இருக்க, மற்றவர் ஓடிப் பார்த்துப் படமெடுத்து வந்தால் என்ன?" என்றார். மற்றவர் விடை கூறவில்லை, பார்த்தார். அந்தப் பார்வையை எட்டு ஆண்டுகள் கழிந்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கேட்டவர் யார் என்பதை எழுத வேண்டாம் என்று உடன்பட்டே இதை எழுதுகிறோம். இருவர் உள்ளத்திலும் அவ்வெண்ணம் இருந்தது. ஒருவர் வாய்விட்டுச் சொன்னார் என்பதே வேற்றுமை.

திரும்பினோம். இறங்கும் வழியில் முதலில் எதிர்ப்பட்ட குகைக்குள் நுழைந்தோம். துறவி ஒருவர் தங்குவதற்காகக் குடைந்த சிறிய அறை. சுவரோரம் பாறையிலேயே செதுக்கிய திண்ணை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்க்கு அத்திண்ணை புதியதாய்த் தோன்றாது. வெளியே நெருப்பாய் இருந்தது, உள்ளே கல் குளிர்ந்திருந்தது. குழந்தையின் சட்டையைக் கழற்றினோம். எஞ்சியிருந்த புட்டி நீரில் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினோம். கூடைக்கார அம்மையாரும் கூடவே வந்து தம் நீரையும் துண்டில் ஊற்றினார். "தூத் பாஜா" என்று, பால் கொடுக்கச் சொன்னார். முதலில் குழந்தை வாய் வைக்கவில்லை. சற்றுக் குளிர்ந்த பின் சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்கியது. ஆச்சி செருகிவைத்த விசிறி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை ஓயும் வரை ஒருவர் மாற்றி ஒருவர் வீசினோம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ஒரு மணி நேரம் இருக்கலாம். திடீரென்று மடி வெதுவெதுப்பாய் நனைந்தது. குழந்தை சிறுநீர் கழித்திருந்தாள்! அது மடியில் வழிந்து அந்தப் பழங்கல்லிலும் சொட்டியது. துறவியரும் தொல்லியல் துறையினரும் எங்களைப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வாழ்வில் எத்தனையோ நற்செய்திகளைக் கேட்டிருக்கிறோம். வேலை கிடைத்த கடிதம் வந்திருக்கிறது, வீடு கிடைத்த நாள் வந்திருக்கிறது. அந்த ஈரத்துக்கு அவற்றில் எதுவும் ஈடில்லை. அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். மகள் அச்சிரிப்பைக் கேட்டுத் தலை திருப்பி, அதன் பிறகே வீறிட்டு அழுதாள். நாங்களும் அழுதோம். அவருக்குப் பணம் கொடுக்க முனைந்தபோது வாங்க மறுத்து, இரண்டு வெள்ளரிகளுக்குரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டார்.

மாலையில் மருத்துவரிடம் காட்டினோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளாமல் பொறுமையாக விளக்கினார். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைவிட மிகுதி. ஆகவே சுற்றிலும் உள்ள வெப்பம் விரைவில் உடம்பில் ஏறும். வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றலோ நம்மைவிடக் குறைவு. அதோடு சுமப்பவரின் முதுகுச் சூடும் சேர்கிறது. குளிர்நாட்டு மலைகளில் இதற்கு நேர்மாறு. நடப்பவர் உடல் சூடேறி வியர்த்திருக்க, அசையாமல் சுமக்கப்படும் குழந்தை குளிரில் விறைக்கும். எப்படியாயினும் நம் உடலைக் கொண்டு குழந்தையின் நிலையை அளக்கலாகாது. "உங்களுக்குக் களைப்பில்லை என்பது குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் மறக்கவில்லை.

ஆச்சியிடம் நடந்ததைச் சொல்லாமல் மறைக்கத்தான் எண்ணினோம். ஆனால் விசிறியின் விளிம்பு நைந்திருந்ததைப் பார்த்ததும் அவர் அறிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, இரவு முழுவதும் இறக்கவில்லை.

காட்டுக்கு இனிப் போவதில்லை என்று சில மாதங்கள் இருந்தோம். குளிர்காலத்தில், "போயிட்டு வாங்க, நல்ல காத்து. வெயிலுக்கு முன்னால திரும்பிருங்க" என்று சொன்னவர் ஆச்சிதான். அதன் பிறகு எங்கள் நடைக்குச் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். இளம் பெற்றோர் பொருட்டு அவற்றை இங்கே தருகிறோம். குழந்தை தலையை உறுதியாக நிமிர்த்தித் தானாக உட்காரும் வரை முதுகில் சுமக்கலாகாது. அதுவரை நெஞ்சோடு அணைத்து, முகம் கண்ணுக்குத் தெரியுமாறும் முகவாய் மார்பில் அழுந்தாதவாறும் சுமக்க வேண்டும். முதுகில் சுமக்கும் வயதில், சுமப்பவருக்குப் பின்னால் மற்றவர் நடந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், வெயிற்காலத்திலும் தனியே நீர் வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி பாலூட்ட வேண்டும், ஊட்டும் தாய் நிறைய நீர் அருந்த வேண்டும். வாயில் திறக்கும் வேளைக்கே போய், வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். நீரில் பாதி தீர்ந்தால், எங்கே நின்றாலும் அதுவே திரும்பும் இடம். இடுப்புத் துணி நனைகிறதா என்று பார்ப்பது கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிட முதன்மையானது.

சிறுத்தையைப் பற்றிப் பலரும் கேட்பர். நாங்கள் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை, அது எங்களைக் கண்டிருக்கும். அது பெரும்பாலும் மனிதரைத் தவிர்க்கும் விலங்கு. எனினும் குனிந்தும் குந்தியும் இருக்கும் சிறிய உருவம் அதன் கண்ணுக்கு வேறாகத் தோன்றலாம். ஆதலால் குழந்தை எப்போதும் இருவருக்கும் இடையில் நடக்கும். அந்தி சாயும் வேளையில் காட்டுக்குள் இருப்பதில்லை. அக்காட்டில் வாழும் வார்லிப் பழங்குடியினர் 'வாகோபா' என்று புலித் தெய்வத்தைக் கல்லில் வடித்து வணங்குகின்றனர். விலங்கை அழிக்காமலும் அதனிடம் அழியாமலும் வாழ அவர்கள் கண்ட உடன்படிக்கை அது. சொரிமுத்து அய்யனாரின் காட்டிலிருந்து வந்த எங்களுக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமாக இல்லை.

மகள் நடக்கத் தொடங்கிய பிறகு வேறொரு பாடம் தொடங்கிற்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரம். போய்ச் சேரும் இடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து புறப்படும் செந்நிறத் தம்பலப்பூச்சி ஒன்று கிடைத்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. மரவட்டையைக் குச்சியால் தொட்டுச் சுருளவைத்து, அது மீண்டும் நீளும் வரை காத்திருப்பாள். "ரயில் பூச்சி இன்னும் புறப்படலை" என்பாள். மும்பைப் பிள்ளை அல்லவா! நாங்களும் அருகில் குந்தியிருப்போம். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு விரைந்திருந்தால் நாங்கள் அந்த மரவட்டையைக் கண்டிருக்கவே மாட்டோம். எச்சரிக்கையும் வேண்டியிருந்தது. குன்றிமணி அழகானது, ஆனால் மென்றுவிட்டால் கொடிய நஞ்சு. பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். கல்லிடுக்கிலும் சருகுக் குவியலிலும் கை நுழைப்பதில்லை என்பதை விளையாட்டாகவே பழக்கினோம்.

மொழிக்கும் அந்தக் காடே பள்ளியாயிற்று. பள்ளியில் அவள் தோழியர் மராத்தி, இந்தி, குஜராத்தி பேசுவோர். வீட்டில் மட்டுமே தமிழ். அதுவும் 'சாப்பிடு, தூங்கு, படி' என்ற மூன்று வினைச்சொற்களுக்குள் சுருங்கி வருவதைக் கண்டு கவலைப்பட்டோம். காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு பெயர் சொல்லிக்கொண்டே நடந்தோம். காவலர் 'சாக்' என்றால் நாங்கள் தேக்கு என்போம். 'பளஸ்' புரசு ஆயிற்று. 'சாவர்' இலவம், 'பஹாவா' கொன்றை, 'உம்பர்' அத்தி, 'ஜாம்பூள்' நாவல், 'ஆவளா' நெல்லி. இம்மரங்கள் எல்லாம் இரு நாட்டுக்கும் பொதுவானவை. பெயர்களைத் தவிர வேறொன்றும் மாறவில்லை என்பதை எங்கள் மகள் எளிதில் ஏற்றுக்கொண்டாள். ஒருமுறை ஊருக்குப் போனபோது, தெருமுனையில் நின்ற கொன்றையைப் பார்த்து, "இது எங்க ஊர் மரம், இங்கேயும் வந்திருக்கு" என்றாள். எங்களுக்குச் சிறிது வலித்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் தவறொன்றும் இல்லை. தனக்கென்று ஓர் ஊர் இருக்கிறது என்றும், அதற்கு மரம் இருக்கிறது என்றும் அவள் அறிந்திருக்கிறாள்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பூங்காவை மூடிவிட்டனர். நாலரை வயதுப் பிள்ளை ஐந்தாம் மாடிச் சன்னலில் நின்று, பிம்பிசிறை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொன்ன அந்த இரண்டு அறைகளுக்குள் மாதக்கணக்கில் கிடந்தாள். சன்னலிலிருந்து தெரியும் ஒரே அரசமரத்தின் இலைகளை எண்ணினாள். அந்த ஆண்டில் ஆச்சியும் ஊரில் மறைந்தார். போய் முகம் பார்க்க எங்களால் இயலவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

2024-ஆம் ஆண்டு கார்வி மீண்டும் பூத்தது. இப்போது மகளுக்கு வயது ஒன்பதை நெருங்கியிருந்தது. இம்முறை விடியுமுன் முதல் வண்டியிலேயே புறப்பட்டுவிட்டோம். வெயில் ஏறுமுன் குகைகளைக் கடந்து மேலேறினோம். அவள் முன்னே நடந்தாள், நாங்கள் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தோம். வழியில் இரண்டு முறை நின்று திரும்பி, "தண்ணி குடிச்சீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். நாங்கள் அவளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கிய கேள்வி அது. அந்த மரத்தடி வந்தது. கூடை எதுவும் அங்கே இல்லை. அந்த அம்மையாரை அடுத்த ஆண்டுகளில் பல முறை தேடியிருக்கிறோம், காண வாய்க்கவில்லை. மரத்தடியிலிருந்து மணி பார்த்துக்கொண்டு நடந்தோம். பூக்கள் பத்து நிமிடத்தில் வரவில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

சரிவு முழுவதும் ஊதாப் பூ. அதன் மேல் தேனீக்களின் ஓயாத இரைச்சல். எட்டாண்டு நினைத்த காட்சி கண்முன் நின்றபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மகள் ஒரு பூவை உற்றுப் பார்த்தாள், ஒரு வண்டை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, "இது பூத்ததும் செத்துப் போயிடுமா?" என்று கேட்டாள். ஆம் என்றோம், விதை இருக்கும் என்றோம். "அப்ப சரி" என்றாள். சற்று நேரம் சென்று, ஆச்சியின் விசிறியைப் பையிலிருந்து அவளே எடுத்து வீசிக்கொண்டாள். ஓரம் நைந்த அந்த விசிறி இல்லாமல் நாங்கள் காட்டுக்குப் போவதில்லை. அதை முதன்முதலில் எடுத்துச் சென்ற கதை அவளுக்கு மனப்பாடம்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உறைக்கத் தொடங்கியது. நீர் பாதி தீர்ந்திருந்தது. மேலே இன்னும் பூத்த சரிவுகள் இருந்தன. எங்களுள் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "பாதித் தண்ணி ஆயிடுச்சு. திரும்பணும்" என்று மகள் சொன்னாள். திரும்பினோம்.

கார்வி இனி 2032-ஆம் ஆண்டில் பூக்கும். அப்போது அவளுக்குப் பதினாறு நிறைந்து பதினேழு நடக்கும். அவள் எங்களோடு வருவாளோ, தோழியரோடு போவாளோ, அறியோம். எங்கள் முழங்கால்கள் ஒத்துழைக்குமா என்பதும் ஐயமே. அவள் எவரோடு போனாலும் திரும்ப வேண்டிய இடம் எது என்று அறிந்தே போவாள். எங்களிடம் அவள் பெற்ற சீதனம் அவ்வளவுதான்.

இறங்கும் வழியில் குகைகளின் அருகே வந்ததும் எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினாள். துறவியரைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் ஏதேனும் கேட்பாள் என்று எதிர்பார்த்து, எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மனத்துக்குள் திரட்டிக்கொண்டோம்.

"நான் ஒண்ணுக்குப் போன குகை எது?" என்று கேட்டாள்.

காட்டினோம். உள்ளே போய், அந்தத் திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து, "நல்லா ஜில்லுன்னு இருக்கு. நீங்களும் வந்து உட்காருங்க" என்றாள். மூவரும் அந்தக் கல்லில் அமர்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை உண்டோம்.